அம்மாவை ஆய்வில் சேர்க்கலாமா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "அக்கா, அம்மாவுக்கு 76 வயது. ஒரு வருடமாக மறதி. மருத்துவமனைக்குப் போனபோது பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்டுத் தாள் கொடுத்தார்கள். என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி, அவளையும் வேறோர் ஆய்வுக்குக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் 'நம்மை வைத்துச் சோதனை பண்ணுவார்கள், வேண்டாம்' என்கிறார். இந்த ஆராய்ச்சிகளால் நம்மைப் போன்ற குடும்பத்துக்கு உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா? அம்மாவைப் பார்த்துக்கொள்வதே எனக்கு முழுநேர வேலை. இதற்கு நடுவில் இதுவும் வேண்டுமா?"

அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் சேருங்கள். மகளும் சேரட்டும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், ஏனென்றால் உங்கள் அண்ணனின் பயத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

நான் தாதியாக வேலை தொடங்கியவள். அப்புறம் 14 ஆண்டுகள் பல்கலைக்கழக ஆய்வுகளுக்காகத் தோ பாயோ, புக்கிட் மேரா, ஈசூன் என்று புளோக் புளோக்காக ஏறி இறங்கித் தமிழ் முதியவர்களிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடமும் பேட்டி எடுத்தேன். கதவைத் திறக்கும்போதே "இதனால எங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். ஒரு மணி நேரத்தையும், சில ஆய்வுகளில் ரத்தத்தையும் கொடுப்பவர் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் ஏறக்குறைய 9 விழுக்காடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 2.5 விழுக்காடு. அப்படியென்றால் பொதுவில் 1,000 பேரை எடுத்து ஓர் ஆய்வு நடந்தால், அதில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வருபவர் 25 பேர்தான். அவர்களில் பாதிப் பேர் "நேரமில்லை" என்று கதவைச் சாத்தினால் மிச்சம் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். அவ்வளவு பேரை வைத்து எந்த ஆராய்ச்சியாளரும் நம்மைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே பல ஆய்வுகளில் மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலாகத் தேடிச் சேர்க்கிறார்கள். உங்களிடம் வந்த தாளுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம். நம் ஆட்கள் உட்காரவில்லை என்றால், வேறு யாருடைய உடலையோ அளந்து வந்த விடையைத்தான் மருத்துவர் நமக்கும் சொல்வார்.

இது வெறும் பேச்சு இல்லை. உடல் எடைக் குறியீடு, பிஎம்ஐ, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 25க்கு மேல் போனால் கூடுதல் எடை, 30க்கு மேல் உடல்பருமன் என்பதுதான் உலக வழக்கம். 2000ஆம் ஆண்டில் இங்குள்ள சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரின் உடல் கொழுப்பை அளந்த ஆய்வு ஒன்று வெளியானது. குறியீட்டில் ஒல்லியாகத் தெரிந்தவர்களின் உடலில்கூடக் கொழுப்பு அதிகம் இருந்தது. அதிலும் அதே குறியீட்டுக்கு இந்தியர்களிடம் கொழுப்பு இன்னும் கூடுதல். 2004ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களைக் கவனிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் அவற்றை எடுத்துக்கொண்டது. இன்று பலதுறை மருந்தகத்தில் 24 என்று வந்தால் தாதி "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்கிறாரே, அது இப்படி வந்ததுதான். 2010ல் எடுத்த தேசியச் சுகாதாரக் கருத்தாய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாடு முழுவதற்குமான சராசரி 11.3. பழைய எல்லைக்கோட்டையே வைத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் "எனக்கு எடை சரியாத்தான் இருக்கு" என்று நிம்மதியாக இருந்திருப்போம்!

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். ஐந்து மாதம் என்றால் இன்னும் சில வாரங்களில், 24இலிருந்து 28ஆம் வாரத்துக்குள், அவளைச் சர்க்கரைத் தண்ணீர் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் மறுபடி எடுப்பார்கள். குமட்டும். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு?" என்று அவள் கேட்டால், பதில் கஸ்டோ என்ற ஆய்வில் இருக்கிறது.

2009 ஜூன் முதல் 2010 செப்டம்பர் வரை, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு அது. சீன, மலாய், இந்தியத் தாய்மார்கள் எல்லாரும் இருந்தார்கள். முன்பெல்லாம் எடை அதிகம், குடும்பத்தில் இனிப்புநீர் என்று ஏதாவது காரணம் தெரிந்த கர்ப்பிணிக்குத்தான் இந்தச் சோதனை. கஸ்டோவில் எல்லாருக்கும் எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. காரணம் தெரிந்தவர்களை மட்டும் சோதித்தால் கணிசமான பேர் கண்ணில் படாமலே போவார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அதன்பின் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்பது வழக்கமாயிற்று. அந்த 1,200 பேர் அன்றைக்குக் குமட்டலோடு உட்கார்ந்திருந்ததால்தான் உங்கள் மகளுக்கு இன்று கேட்காமலே இது கிடைக்கிறது.

அதே ஆய்வில் பிறந்த குழந்தைகளின் வயிற்றை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும், வயிற்றுத் தோலுக்கு அடியில் கொழுப்பு கூடுதலாக இருந்தது. நம் வீடுகளில் பிள்ளை கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தால் பாட்டிக்குத் தூக்கம் வராது. இன்னொரு கரண்டி, இன்னும் கொஞ்சம் நெய் என்று ஊட்டிவிடுவார். அந்தப் பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் ஒல்லியான நம் குழந்தையின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று இப்போது தெரியும். அதனால் கிளினிக்கில் தாதி காட்டும் வளர்ச்சிக் கோட்டை நம்புங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்றும் அதே குழந்தைகளிடமிருந்து வந்தது. ஒரு வயதில் திரை பார்த்த நேரத்தைக் குறித்து வைத்து, ஒன்றரை வயதில் மூளை அலைகளைப் பதிவு செய்து, ஒன்பது வயதில் கவனம், திட்டமிடல் போன்ற திறன்களைச் சோதித்தார்கள். 437 குழந்தைகள். 2023ல் வெளியானது. திரைநேரம் கூடக் கூட, பின்னாளில் அந்தத் திறன்கள் குறைந்திருந்தன. மூளை அலைகளிலும் வேறுபாடு தெரிந்தது. ஒரே குடும்பங்களை ஒன்பது ஆண்டு விடாமல் பின்தொடர்ந்தால்தான் இப்படி ஒன்று கண்ணில் படும். ஆய்வுக்கு ஒரு தடவை போய்விட்டு நின்றுவிடாமல், கூப்பிடும்போதெல்லாம் போகச் சொல்லுங்கள் என்று உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதனால்தான்.

இனி அம்மா. இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

என் மாமியாருக்கு மறதி தொடங்கியபோது ஒரு மருத்துவமனையில் நினைவாற்றல் சோதனை நடந்தது. இளம் மருத்துவர், நல்லவர், ஆனால் தமிழ் தெரியாது. என் மகன்தான் மொழிபெயர்த்தான், அப்போது அவனுக்கு 15 வயது. ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். என் மாமியார் மூன்றாம் வகுப்போடு நின்றவர், அதுவும் தமிழ்ப் பள்ளியில். "எனக்கு இங்கிலீசு தெரியாதுப்பா" என்று வெட்கத்தோடு சொன்னார். அதற்கு மதிப்பெண் பூஜ்யம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பேரன் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டாங்க" என்று அழுதார். சில மாதம் கழித்து வேறோர் இடத்தில் தமிழ் பேசும் தாதி ஒருவர் நிதானமாக எடுத்தபோது மதிப்பெண் எவ்வளவோ மேலே வந்தது. அவருக்கு மறதி இருந்தது உண்மைதான். ஆனால் முதல் தாளில் இருந்த அளவுக்கு இல்லை.

படிப்புக் குறைந்த முதியவரை, அவருடையது அல்லாத மொழியில் சோதித்தால் இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். இது உலகம் முழுக்க உள்ள சிக்கல். இதைச் சரிசெய்யத்தான் 10/66 என்ற ஆராய்ச்சிக் குழு ஒரு முறையை உருவாக்கியது. அந்தப் பெயரே ஒரு கணக்கு: முதுமை மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றி இல்லை. அந்தக் குழு வேலை செய்த இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு. சுத்தியலால் என்ன செய்வார்கள், பாலம் என்றால் என்ன, மருந்து வாங்க எங்கே போவீர்கள் என்பது போன்ற கேள்விகள் அதில் வரும். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் வாழ்க்கை கற்றுக்கொடுத்த விஷயங்கள். அதோடு, கூட இருப்பவரிடமும் தனியாகப் பேட்டி எடுப்பார்கள்: பொருளை இடம் மாற்றி வைக்கிறாரா, பணத்தைச் சரியாக எண்ணுகிறாரா, உடுத்திக்கொள்ளத் தடுமாறுகிறாரா என்று.

மனநலக் கழகத்தின் தலைமையில் 2012, 2013 ஆண்டுகளில் நடந்த வைஸ் ஆய்வு இந்த முறையைத்தான் பயன்படுத்தியது. மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 10 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி இருப்பதாகக் கண்டார்கள். அதே ஆட்களைப் பழைய மருத்துவ வரையறையால் அளந்தால் 4.6 விழுக்காடுதான் வந்தது. அளவுகோலை மாற்றினால் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள், பார்த்தீர்களா? பத்தாண்டு கழித்து மறுபடி எடுத்தபோது 8.8 விழுக்காடு. அதைவிட எனக்கு நிறைவு தந்த எண் வேறு: நோய் இருந்தும் மருத்துவரிடம் போய்ச் சேராதவர்கள் முன்பு 70.6 விழுக்காடு, இப்போது 51.5. இன்னும் பாதிப் பேர் வெளியில்தான் இருக்கிறார்கள். உங்கள் அம்மா அந்தப் பாதியில் இல்லை. "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று விட்டுவிடாமல் நீங்கள் அவரை அழைத்துப் போனதால்தான்.

நோயைத் தள்ளிப்போட முடியுமா என்பதிலும் இங்கே நிறைய வேலை நடந்திருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தின் முதுமை ஆய்வு 2003ல் தொடங்கியது. அதிலிருந்து 2006ல் வந்த ஒரு கட்டுரை நம் ஆட்களுக்கு மிகவும் பிடிக்கும்: 60 முதல் 93 வயதுள்ள 1,010 பேரில், அவ்வப்போதோ அடிக்கடியோ குழம்பு, கறி சாப்பிட்டவர்களின் நினைவாற்றல் மதிப்பெண் சாப்பிடாதவர்களைவிட மேலாக இருந்தது. மஞ்சள் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். 2019ல் இன்னொன்று வந்தது: வாரத்தில் இரண்டு பரிமாறலுக்கு மேல் காளான் சாப்பிட்ட முதியவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு பாதியாக இருந்தது. ஆனால் இதை வைத்து மஞ்சள் மாத்திரை வாங்க ஓடாதீர்கள். இவை இரண்டும் பழக்கத்தையும் நினைவாற்றலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகள். நண்பர்களோடு வெளியில் போய்க் கறி சாப்பிடுகிறவர் ஏற்கெனவே நல்ல உடம்போடு, நாலு பேரோடு பழகுகிறவராக இருக்கலாம். எது எதற்குக் காரணம் என்று இதில் தெரியாது.

அது தெரிய வேண்டுமென்றால், ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபின்லாந்தில் 1,260 முதியவர்களோடு இரண்டு ஆண்டு அப்படிச் செய்தார்கள். உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கண்காணித்தல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்த குழு மேலாக வந்தது. 2015ல் வெளியானது. அந்த ஊர் உணவும் உடற்பயிற்சிக் கூடமும் நம் ஊர்ப் பாட்டிக்கு அப்படியே ஒத்துவருமா? அதனால்தான் சிங்கர் என்ற பெயரில் அதை இங்குள்ள சாப்பாட்டுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மாற்றி, 60 முதல் 77 வயதுள்ள 1,200 பேருக்காகத் திட்டமிட்டார்கள். இப்படிப்பட்ட ஆய்வில்தான் நம் ஆட்கள் மிகவும் குறைவு, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுதான். உணவுப் பட்டியலில் இட்லியும் ரசமும் வர வேண்டுமென்றால், அதைச் சாப்பிடுகிறவர் அங்கே இருக்க வேண்டுமே.

கருவிகள் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பக்கவாதம் வந்த கைக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ரோபோ, தேசியப் பல்கலைக்கழகத்தின் மென்கையுறை, தனியாக வாழும் முதியவரின் வீட்டில் நடமாட்டத்தை உணரும் கருவிகளைப் பொருத்திப் பார்த்த சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் திட்டம் எல்லாம் நல்லவை. நமக்கு நேரடியாகப் பட்டது கண் விஷயம்தான். 40 வயதுக்கு மேற்பட்ட 3,400 இந்தியர்களை மட்டுமே வைத்து 2007 முதல் 2009 வரை இங்கே ஒரு கண் ஆய்வு நடந்தது. இந்த ஊரில் திரட்டிய ஏராளமான விழித்திரைப் படங்களைக் கொண்டு, நீரிழிவால் வரும் கண் பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மாவுக்கு இனிப்புநீர் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கண் படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறதியும் மங்கலான பார்வையும் சேர்ந்தால் அவருக்கு இரட்டைக் கஷ்டம்.

அப்புறம் நீங்கள். உங்கள் கேள்வியில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்.

பார்த்துக்கொள்பவரின் நிலையை அளக்க ஸாரிட் என்ற 22 கேள்விப் பட்டியல் உண்டு. 2010ல் அதைச் சிங்கப்பூரில் சரிபார்த்தார்கள். உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா, உடம்பு கெட்டுப்போவதாகத் தோன்றுகிறதா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. ஒரு தடவை, நாற்பதுகளில் இருந்த ஒரு மருமகளிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்றார். மாமியார் அடுத்த அறையில் படுத்திருந்தார், கதவு திறந்திருந்தது. என்னை வழியனுப்ப மின்தூக்கி வரை வந்தவர், அதன் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த மூணாவது கேள்வி... அதை மாத்திப் போட முடியுமா?" என்றார். அங்கேயே நின்று மறுபடி 22 கேள்வியும் கேட்டேன். மொத்தம் வேறாக வந்தது. அன்றிலிருந்து பார்த்துக்கொள்பவரிடம் வீட்டுக்கு வெளியே, கீழ்த்தளத்தில் உட்கார்ந்துதான் பேசுவேன்.

சொல்லும் முக்கியம். ஆங்கிலத்திலிருந்து அப்படியே மாற்றி "அம்மா உங்களுக்குச் சுமையாக இருக்கிறாரா?" என்று கேட்டால் எந்தத் தமிழ் மகளும் ஆம் என்று சொல்ல மாட்டாள். "பெத்த தாய் சுமையா?" என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? கடைசியாக எப்போது படம் பார்க்கப் போனீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், 75 வயதும் அதற்கு மேலும் உள்ள முதியவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் சேர்த்து 1,190 இணைகளின் தகவலை ஆராய்ந்தார்கள். கஷ்டத்தோடு, பார்த்துக்கொள்வதில் கிடைக்கும் நிறைவையும் தனியாக அளந்தார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏறத்தாழ பாதி வீடுகளில் பணிப்பெண் இருந்தார், அவருடைய உதவி குடும்பத்தாரின் பாரத்தைக் குறைத்தது. முதியவரின் மனநிலை, நடத்தை மாற்றங்கள் தரும் அழுத்தமும் அந்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. அம்மாவைக் குளிப்பாட்டுவதைவிட, "என் நகையை எடுத்துட்டே" என்று அவர் உங்களைப் பார்த்துச் சொல்லும் நாள்தான் உங்களை உடைக்கும். அது நோய் பேசுவது. அந்த நாள் வந்தால் தனியாக இருக்காதீர்கள், யாரையாவது கூப்பிடுங்கள்.

இந்த அளவுகோல்கள் பணமாகவும் வீட்டுக்கு வரும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறு அன்றாட வேலைகளை வைத்துத்தான் இங்கே உதவித் தகுதியைப் பார்க்கிறார்கள். முதியவர் பராமரிப்பு ஆராய்ச்சியில் 1963ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி கேட்ஸ் வகுத்த பட்டியலிலிருந்து வளர்ந்த முறை அது. இவற்றில் மூன்றுக்கு எப்போதும் உதவி தேவைப்பட்டால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து, இல்லப் பராமரிப்பு மானியம் கிடைக்கும். 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளியில் தொடங்கி, 2023ல் 400 வெள்ளி வரை உயர்ந்தது. அதன்பின் மாறிய தொகையை ஏஐசி என்ற ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேளுங்கள். மதிப்பீட்டாளர் வரும் அன்று உங்கள் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு "நானே எல்லாம் செஞ்சுக்குவேன்" என்பார். நம் அம்மாக்கள் அப்படித்தான். பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் குளிக்கிறார் என்றால், அதை நீங்கள் சொல்லுங்கள். அவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். டியூக்-என்யுஎஸ்ஸின் லியன் நிலையம் நான்காம் கட்டப் புற்றுநோயாளிகள் 600 பேரைக் கடைசி வரை பின்தொடர்ந்த ஆய்வில், பலர் தங்கள் நோய் குணமாகும் என்று நம்பினார்கள் அல்லது என்ன நிலை என்றே தெரியாமல் இருந்தார்கள். குடும்பத்தில் பேசாத பேச்சு அது. அம்மாவுக்கு இன்னும் பேசத் தெளிவு இருக்கும்போதே, எங்கே இருக்க விரும்புகிறார், எதை வேண்டாம் என்கிறார் என்று கேட்டு வையுங்கள். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம், எல்பிஏ (அவரால் முடிவெடுக்க முடியாமல் போனால் அவருக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம்) இரண்டையும் இப்போதே செய்யுங்கள். எல்பிஏவில் கையெழுத்திட அவருக்குப் புரியும் திறன் இருக்க வேண்டும், பிறகு முடியாது.

இனி உங்கள் அண்ணனுக்கு. அவர் பயம் காரணமில்லாமல் வந்தது இல்லை. ஆனால் எல்லா ஆய்விலும் மருந்து கொடுக்க மாட்டார்கள். பெரும்பாலானவை கேள்வி கேட்பது, அளப்பது, ரத்தம் எடுப்பதோடு முடியும். மருந்தோ பயிற்சியோ கொடுத்துச் சோதிப்பது வேறு வகை. எந்த வகை என்று தாளில் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் இந்த ஊரில் எந்தப் பல்கலைக்கழகமும் ஆய்வைத் தொடங்க முடியாது. 2015ல் இயற்றிய மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டமும் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் அம்மாவின் சிகிச்சை பாதிக்கப்படாது. மரபணுச் சோதனை இருக்கும் ஆய்வு என்றால் காப்பீடு போய்விடுமோ என்று கேட்பார். ஆராய்ச்சியில் எடுத்த மரபணுச் சோதனை முடிவைக் காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2021 அக்டோபர் முதல் இங்கே தடை நடப்பில் உள்ளது. முதுமை மறதி என்று பெயர் வந்துவிட்டதாலேயே அம்மாவுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சட்டம் கருதாது. அவருக்குப் புரியும்படி தமிழில் விளக்கினால், அவர் சொல்லும் "சரி"யும் "வேண்டாம்"உம் தான் முதலில். அவர் வேண்டாம் என்றால் நான் முதல் வரியில் சொன்னதை மறந்துவிட்டு அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைக்கும்போது, ஒப்புதல் தாள் தமிழில் வேண்டும், பேட்டி எடுப்பவர் தமிழ் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை, எனக்கு அந்த வேலை கிடைத்ததே அப்படி யாரோ கேட்டதால்தான். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். முடிவுகளை அம்மாவின் மருத்துவருக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். உங்களைத் தனியாகப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள், கீழே கோப்பிக்கடையில் என்றாலும் பரவாயில்லை. நேரம் காலை பத்து மணி போல வையுங்கள், சாயங்காலம் ஆனால் அம்மாவுக்குக் குழப்பம் கூடும். கண்ணாடியும் காது கருவியும் மறக்காமல் போட்டுவிடுங்கள், போகும் முன் ஒரு டம்ளர் பால் குடிக்கக் கொடுங்கள்.